வேகமான கை கிடைத்தாயிற்று, அப்புறம்? பேஸ்பால் பிட்ச்சர் ஒருவர் உருவாகும் விதம்

வேலூர்க் கோட்டை மைதானத்திலோ காட்பாடிப் பக்கம் ஏதாவது காலி மனையிலோ ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் நடந்தால், ஒரு பையனின் கை மட்டும் தனியாகத் தெரியும். எல்லைக்கோட்டிலிருந்து எறிவான், பந்து தரையைத் தொடாமல் கீப்பர் கைக்குப் போய்விடும். "இந்தக் கைய வெச்சுக்கிட்டு இங்க என்னடா பண்ற, அமெரிக்கா போய் பேஸ்பால் ஆடு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சிலர் அதை உண்மையாகவே நினைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈட்டி எறிதலும் பந்துவீச்சும் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் கேள்வி என்னிடமும் வருகிறது: "சார், பையன் நல்லா வேகமா எறியறான். பேஸ்பால் டீம்ல எடுப்பாங்களா?"

எடுக்கலாம். எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. வேகமாக எறிகிற பையன்கள் அமெரிக்க அணிகளிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை, கை உடையாமல், நினைத்த இடத்தில் பந்தைப் போடுகிற ஆளாக ஆக்க வருடக்கணக்கில் பிடிக்கும். அந்த வருடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். கிரிக்கெட் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம். பேஸ்பாலில் பந்து எறிபவர் பிட்ச்சர். ஓடி வந்து போடுவதில்லை. 25 சென்டிமீட்டர் உயரமான ஒரு மண் மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி, ஒரு எட்டு முன்னால் பாய்ந்து எறிவார். அங்கிருந்து பேட்டருக்கு முன்னால் கிடக்கும் தட்டு வரை 18.44 மீட்டர். நம் கிரிக்கெட் பிட்ச்சின் 20.12 மீட்டரைவிடக் குறைவு. பந்தும் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று லேசு, 142 முதல் 149 கிராம். தரையில் குத்தாமல் நேராகப் போக வேண்டும். தட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். அந்த அகலத்துக்குள், பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால் ஸ்ட்ரைக், பேட்டர் அடிக்கப் போகாமல் விட்ட பந்து அதற்கு வெளியே போனால் பால். மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட். நான்கு பால் விழுந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ரன்னுக்காக ஓட வேண்டிய முதல் நிலைக்கு, நடந்து போவார், அதற்குப் பெயர் வாக்.

மேஜர் லீக் என்கிற உச்ச லீக்கில் இன்று சராசரி ஃபாஸ்ட்பாலே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுகிறது. 2010-ல் அரோல்டிஸ் சாப்மன் 170 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தார். பேட்டருக்குக் கிடைப்பது சுமார் 0.4 விநாடி. அப்படியிருந்தும் பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் அடித்துவிடுகிறார்கள். வெறும் வேகம் அங்கே செல்லுபடியாகாது.

சரி, இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இரண்டு வழி. அமெரிக்கா, கனடாவில் படிக்கும் பையன்களை ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டில் 30 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். இப்போது அது 20 சுற்று. டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளிலிருந்து 16 வயதிலேயே நேரடியாக ஒப்பந்தம் போடலாம். ஸ்கவுட் எனப்படும் திறன் தேடுபவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு திறமைக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. 17 வயதுப் பையனுக்கு இரண்டு மதிப்பெண் தருவார்கள்: இன்று எவ்வளவு, வளர்ந்தால் எவ்வளவு. 'இன்று 35, நாளை 60' என்றால் அணி காசு கொடுப்பது அந்த 60-க்காக. நடுவில் இருக்கும் 25-ஐ அணிதான் வளர்த்தெடுக்க வேண்டும்.

அதற்கான இடம் மைனர் லீக். நாற்றங்காலில் விட்டு, பக்குவம் பார்த்துப் பிடுங்கி நடுவது போன்ற ஏற்பாடு. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு நிலைகளில் அணிகள் உண்டு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 30 அணிக்கு மொத்தம் 120. இதற்கும் கீழே ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிகன் குடியரசிலும் தொடக்க நிலை லீக்குகள். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியை எடுத்துக்கொண்டால் பையன் பிரேடன்டனில் தொடங்கி, கிரீன்ஸ்பரோ, அல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று ஊர் ஊராக ஏற வேண்டும். எந்தப் படியிலும் நின்றுவிடலாம். பெரும்பாலானவர்கள் நின்றுதான் போகிறார்கள்.

இந்தப் படிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாண்டி கோஃபாக்ஸ் என்ற பிட்ச்சரின் கதை போதும். 1954 டிசம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை எடுத்தது. அப்போதைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை வாங்கிய புதுப் பையனை இரண்டு ஆண்டு உச்ச அணியிலேயே வைத்திருக்க வேண்டும், கீழ் லீக்குக்கு அனுப்பக் கூடாது. கோஃபாக்ஸுக்குக் கிடைத்தது 14,000. விளைவு, 19 வயதுப் பையன் பெரியவர்கள் நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அபூர்வமாகப் பந்து கையில் வந்தால் பதற்றத்தில் எங்கெங்கோ போனது. முதல் ஆறு ஆண்டுகளில் அவர் கணக்கில் வெற்றி 36, தோல்வி 40. 1961 பயிற்சிக் காலத்தில் நார்ம் ஷெரி என்ற கேட்ச்சர் (நம் கீப்பர் மாதிரி, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) அவரிடம் சொன்னது ஒரே விஷயம்: இவ்வளவு பலமாக எறியாதே, கொஞ்சம் தளர்த்தி, இடம் பார்த்துப் போடு. அந்த ஆண்டே 269 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அப்புறம் 1963, 1965, 1966 என்று மூன்று முறை சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. தப்பு செய்து கற்றுக்கொள்ள ஒரு கீழ்ப்படி இருந்திருந்தால் அந்த ஆறு ஆண்டு வீணாகியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கீழ்ப்படியில் சொல்லிக்கொடுப்பது என்ன?

முதல் பாடம், ஒரே மாதிரி எறிவது. கால் எவ்வளவு தூக்குகிறோம், முன்கால் எங்கே விழுகிறது, தோள் எப்போது திரும்புகிறது, பந்து கையை விட்டு எந்த இடத்தில் பிரிகிறது, எல்லாமே ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கால் விழுவதில் சின்ன வித்தியாசம் வந்தால் தட்டருகே பந்து ஒரு சாண் தள்ளிப் போகும். ராண்டி ஜான்சன் என்ற பிட்ச்சர் 2.08 மீட்டர் உயரம். 1990, 91, 92 மூன்று ஆண்டும் மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கிலேயே அதிக வாக் கொடுத்தவர் அவர்தான். 1992-ல் மூத்த பிட்ச்சர் நோலன் ரயனும் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் அவர் முன்கால் குதிகாலில் இறங்குவதைக் கவனித்துச் சொன்னார்கள். குதிகாலில் இறங்கினால் உடல் பக்கவாட்டில் சாய்ந்து பந்தும் கூடவே போகும். பாதத்தின் முன்பகுதியில் இறங்கப் பழகினார். பின்னாளில் ஐந்து சை யங் விருது வாங்கினார்.

இந்தப் பழக்கம் புல்பென் என்ற ஓரத்துப் பயிற்சி மேட்டில் நடக்கும். ஒரு சராசரி நாள் இப்படிப் போகும். பையன் 25 அல்லது 30 பந்துதான் போடுவான். கேட்ச்சர் உட்கார்ந்து கையுறையை ஒரு மூலையில் காட்டுவார். பையன் போட்ட பந்து கையுறை அசையாமல் விழுந்ததா, கேட்ச்சர் கையை நகர்த்தினாரா என்று பயிற்சியாளர் பின்னால் நின்று பார்ப்பார். அவர் ஸ்பீடைப் பற்றிப் பேசவே மாட்டார். மேட்டுக்குப் பக்கத்தில் கேமராவும் பந்தின் சுழற்சியை அளக்கும் கருவியும் இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் வேகம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எவ்வளவு விலகியது என்று டேப்லெட் திரையில் வந்து விழும். பத்துப் பந்து ஃபாஸ்ட்பால், அப்புறம் சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்து சில, முடிவில் மறுபடி ஃபாஸ்ட்பால். 30 முடிந்தால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். இந்த நிறுத்துகிற கட்டுப்பாடு நம்மூர்ப் பயிற்சியில் சுத்தமாக இல்லை. கை சூடாகியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு என்றுதான் சொல்கிறோம்.

இரண்டாவது பாடம், வேறு வேறு பந்துகள். உச்ச லீக்கில் ஐந்தாறு இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட் எடுத்தால் பிட்ச்சருக்கு ஒரு இன்னிங்ஸ்) தாக்குப்பிடிக்கும் தொடக்கப் பிட்ச்சராக வேண்டுமானால் குறைந்தது மூன்று வகைப் பந்து கைவசம் வேண்டும். ஃபாஸ்ட்பால் நேராக, வேகமாக. கர்வ்பாலும் ஸ்லைடரும் சுழன்று வளையும். சேஞ்ச்அப் என்பது ஃபாஸ்ட்பாலின் அதே கை வீச்சில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குறைவாக வருகிற பந்து, நம் ஊர் ஸ்லோ பால்தான். பதினெட்டு வயதுப் பையனுக்கு சேஞ்ச்அப் போடப் பிடிக்காது. ஃபாஸ்ட்பாலிலேயே எல்லோரையும் எடுத்து வந்தவன், எதற்கு மெதுவாகப் போட வேண்டும் என்று நினைப்பான். ஆகவே சில அணிகளில் சிங்கிள்-ஏ ஆட்டங்களில் 'இன்று இத்தனை சேஞ்ச்அப் போட்டே ஆக வேண்டும்' என்று சொல்லி அனுப்புவார்கள். அடி வாங்கினாலும் பரவாயில்லை. கீழ் லீக்கில் வெற்றி தோல்வியைவிடப் பையன் கற்றுக்கொள்வது முக்கியம். மைனர் லீக்கைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், அதாவது ஃபீல்டர். 2010-ல் ஒன்பதாவது சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்தது. அதே ஆண்டு முழங்கை அறுவை சிகிச்சை. ஆட முடியாமல் உடல் தேற்றிக்கொண்டிருந்த நாட்களில், காயத்தில் இருந்த மூத்த பிட்ச்சர் யோஹான் சான்டானாவிடம் சேஞ்ச்அப் பிடியைக் கற்றுக்கொண்டார். உச்ச லீக்குக்கு வர 2014 ஆகிவிட்டது, வயது 25. 2018, 2019 இரண்டிலும் சை யங் விருது. நான்கு ஆண்டு காத்திருந்த அணிக்குக் கிடைத்தது அது.

முழங்கை ஜவ்வு

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் இடம். கிரிக்கெட்டில் பந்து போடும்போது கையை மடக்கி நீட்டக் கூடாது, 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பேஸ்பாலில் கையை நன்றாக மடக்கி, பின்னால் கொண்டுபோய், சுழற்றி எறிகிறார்கள். மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் தோளின் அந்தச் சுழற்சியும் ஒன்று. அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கம் இருக்கும் ஜவ்வு முழு இழுப்பையும் தாங்குகிறது. உடற்பயிற்சி செய்தால் தசை மளமளவென்று வளரும், வேகமும் ஏறும். ஜவ்வு அந்த அளவுக்குப் பலப்படாது. ஆகவே எவ்வளவு வேகமாக எறிகிறானோ அவ்வளவுக்கு அபாயம் கூடுகிறது.

அந்த ஜவ்வு கிழிந்தால் ஒரு காலத்தில் ஆட்டம் முடிந்தது. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் பிட்ச்சருக்கு உடலின் வேறிடத்திலிருந்து தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான், அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான். பலருக்கு மணிக்கட்டிலிருந்தே அந்த நாணை எடுப்பார்கள். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி எழுந்து நிற்பதுதான் அது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் குறையொன்றும் இல்லை.

அறுவை இருக்கிறதே, பயமென்ன என்று நினைக்கக் கூடாது. ஓராண்டுக்கும் மேல் ஆட முடியாது, எல்லோரும் பழையபடி திரும்புவதுமில்லை. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடியிருக்காது, திரும்பத் திரும்ப இழுத்தால் ஜவ்வுக்கு முன் அதுவே பாதிக்கப்படும்.

இதனால்தான் மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-ல் வயதுவாரியாக வரம்பு வகுத்தன. 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து. 11, 12-க்கு 85. 13 முதல் 16 வரை 95. 17, 18-க்கு 105. இது ஆட்டத்தின் உச்ச வரம்பு. ஓய்வுக் கணக்கு தனி. 15, 16 வயதுப் பையன் 30 பந்துவரை போட்டால் மறுநாளும் போடலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், அதற்கு மேல் போனால் நான்கு நாள். ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பிட்ச்சிங்கே வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாகக் கைக்கு முழு ஓய்வு. ஒரே ஆட்டத்தில் பிட்ச்சராகவும் கேட்ச்சராகவும் ஆட வேண்டாம் என்றும் சொல்கிறது, ஏனென்றால் பிட்ச்சருக்கு அடுத்தபடி அதிகம் எறிவது கேட்ச்சர்தான்.

தொழில்முறை அணிகளும் இதையேதான் பெரிய அளவில் செய்கின்றன. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009 டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட பிட்ச்சர். 2010 ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்-அவுட். செப்டம்பரில் முழங்கை அறுவை. திரும்பி வந்து முழுதாக ஆடிய 2012-ல், அணி முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 159 இன்னிங்ஸைத் தாண்டியதும் வாஷிங்டன் அணி அவரை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு முதல் கட்ட பிளேஆஃபிலேயே அணி தோற்றது. பேசாதவர் இல்லை. அதே ஸ்ட்ராஸ்பர்க் 2019-ல் வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அதற்குப் பிறகு காயங்களால் எட்டே ஆட்டம்தான் அவரால் ஆட முடிந்தது. நிறுத்தியது சரியா என்று இன்றும் வாதம் உண்டு. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட கையும் கடைசிவரை தாங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் ஆறேழு வருடம் ஆகாது. 2023-ல் பிட்ஸ்பர்க் முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸுக்கு ஊக்கத்தொகை 92 லட்சம் டாலர். ஓராண்டு முடிவதற்குள், 2024 மே மாதமே உச்ச லீக்குக்கு வந்துவிட்டார். அவ்வளவு தேறிய ஆளையும் இண்டியானாபொலிஸில் சில வாரம் வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து எண்ணிக்கையை மெல்ல ஏற்றித்தான் மேலே கொண்டு போனார்கள்.

அதே பிட்ஸ்பர்க் அணியில் நம் நாட்டு இருவர் இருந்தார்கள். 2008-ல் இந்தியாவில் வேகமாக எறியும் பையன்களைத் தேடி ஒரு போட்டி நடந்தது. உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதில் தேறினார்கள். பேஸ்பாலை அதற்கு முன் தொட்டதே இல்லை. ராண்டி ஜான்சனுக்குச் சொன்ன அதே டாம் ஹவுஸ்தான் அமெரிக்காவில் பயிற்சி கொடுத்தார். 2008 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தினேஷை 2010-ல் விடுவித்துவிட்டார்கள். இடக்கை ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், பின்னர் முழங்கைக் காயம் வந்து அறுவை வரை போனது. உச்ச லீக்கை இருவருமே தொடவில்லை. தோற்றுவிட்டார்கள் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வயதிலிருந்து ஆடுகிறவர்களோடு இருபது வயதில் தொடங்கிப் போட்டி போட்டு, சிங்கிள்-ஏ வரை ஏறியதே பெரிய காரியம். ஒரு வேகமான கைக்குப் பின்னால் எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்பது அவர்கள் கதையில் தெரிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். வேலூரில் பளுதூக்குதல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். பளுதூக்கும் கூடத்தில் புதுப் பையனிடம் முதல் நாளே எடையைக் கொடுக்க மாட்டார்கள். வெறும் கம்பியை வைத்து இடுப்பும் முதுகும் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். எறிகிற பையனிடம் மட்டும் ஏன் முதல் நாளே "எவ்வளவு வேகம்" என்று கேட்கிறோம்?

பேஸ்பால் ஆடாவிட்டாலும் இந்தக் கணக்கு உதவும். காலையில் பள்ளி அணிக்கு ஈட்டி, மாலையில் கிளப்புக்கு வேகப்பந்து, ஞாயிறு இரண்டு டென்னிஸ் பால் மேட்ச் என்று போகும் பதினான்கு வயதுப் பையன் ஒரு வாரத்தில் எத்தனை முறை கையை முழு பலத்தோடு வீசுகிறான் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அவர் பங்கு மட்டும்தான் தெரியும். ஆகவே எண்ண வேண்டியது அம்மா அப்பாதான். ஒரு நோட்டில் தேதி, என்ன ஆட்டம், பலமாக எறிந்தது தோராயமாக எத்தனை, மறுநாள் கை எப்படி இருந்தது என்று நாலு வரி போதும். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது உடல் சீக்கிரம் தளரும், தளர்ந்த உடலில் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். எறியும்போது முழங்கை இறங்குவதைப் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். அந்தக் கோடை மாதங்களையே கைக்கு ஓய்வாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஓடலாம், நீந்தலாம், கால் பலத்துக்கான பயிற்சி செய்யலாம்.

தோள் தசை வலிப்பது இரண்டு நாளில் போகும். முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி வலித்தால், தொட்டால் கூசினால், கையை முழுதாக நீட்ட முடியாவிட்டால் அது வேறு. தைலம் தேய்த்துவிட்டு அடுத்த மேட்ச்சுக்கு அனுப்பாதீர்கள். எறிவதை உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு எறிந்தான் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.